கையில் ஒரு செட்டா, படகோடு ஒரு செட்டா?

சிறிய படகுக்கு வி.எச்.எஃப் ரேடியோ (கடலில் மற்ற படகுகளோடும் கரையோடும் பேசும் செட்) வாங்கப் போகும்போது கண் முதலில் போவது வாட் கணக்கில்தான். படகில் பொருத்தும் செட் 25 வாட், கையடக்க செட் 5 அல்லது 6 வாட். ஐந்து மடங்கு சக்தி என்றால் ஐந்து மடங்கு தூரம் போகும் என்று மனசு உடனே கணக்குப் போட்டுவிடுகிறது. அது தப்புக் கணக்கு.

வி.எச்.எஃப் அலை ஏறக்குறைய நம் பார்வையைப் போல நேராகப் போவது. பூமியின் வளைவைத் தாண்டி அதிகம் வளையாது. ஆகவே தூரத்துக்கு முதல் காரணம் ஆன்டெனாவின் உயரம். நீர்மட்டத்திலிருந்து அது எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்; அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் அது எட்டும் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். பேசும் இருவருக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும். படகில் உட்கார்ந்து கையில் பிடித்த செட் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் பங்கு 5 கிலோமீட்டர். அதே நிலையில் இருக்கும் இன்னொரு படகோடு பேச மொத்தம் 10 கிலோமீட்டர்தான் உச்சம். அங்கே 25 வாட் இருந்தாலும் பெரிதாக மாறப்போவதில்லை. 9 மீட்டர் பாய்மர உச்சியில் ஆன்டெனா வைத்த இரண்டு படகுகளுக்கோ 24 கிலோமீட்டர் வரை வழி திறந்திருக்கிறது.

அப்படியானால் வாட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. கரை நிலையத்தின் ஆன்டெனா 100 மீட்டர் உயரத்தில் நின்றால் அதன் பங்கு மட்டும் 41 கிலோமீட்டர். கணக்குப்படி கையடக்க செட்டுக்கும் அது எட்ட வேண்டும். ஆனால் அதன் குட்டை ஆன்டெனாவும் 5 வாட்டும் அவ்வளவு தூரத்துக்குத் தாங்காமல் போகலாம். கரையிலிருந்து பேசுவது நமக்குத் தெளிவாகக் கேட்கும், நாம் பேசுவது அங்கே வெறும் இரைச்சலாகச் சேரும். நமக்குக் கேட்கிறதே, அவர்களுக்கும் கேட்கும் என்று நம்பிவிடுவதுதான் இதில் எனக்கு மிகவும் பயமான இடம். பொருத்தும் செட் தன் விலைக்கு வேலை செய்வது இங்கேதான்.

சரி, பொருத்தும் செட் வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. செட்டுக்குச் செலவழித்துவிட்டு, அதை ஆன்டெனாவோடு இணைக்கும் கேபிளில் மிச்சம் பிடிப்பவர்கள் நிறைய. மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 15 மீட்டர் நீளத்துக்கு இழுத்தால் சக்தியில் ஏறக்குறைய பாதி வழியிலேயே கரைந்துவிடும். ஆன்டெனா முனையில் உள்ள கனெக்டருக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து பச்சை பூத்தால் மீதியும் போகும். அப்புறம் மின்சாரம்: 25 வாட்டில் பேசும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். படகுக்குள் தண்ணீர் ஏறி பேட்டரி மூழ்கினாலோ, பாய்மரம் ஒடிந்து ஆன்டெனா கடலில் விழுந்தாலோ, உதவி மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் செட் ஊமையாகிவிடும்.

கையடக்க செட்டின் அருமை அப்போதுதான் தெரியும். அது படகை நம்பி இல்லை. ஆள் தண்ணீரில் விழுந்தாலும் கூடவே வரும். தேடி வரும் படகோ ஹெலிகாப்டரோ பக்கத்தில் வந்தபின் 5 வாட் தாராளம். வாங்கும்போது மிதக்கும் மாடலா என்று பாருங்கள். ஐபிஎக்ஸ்7 என்ற நீர்புகாத் தரம் என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். மிதக்கும் என்று பொருள் இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் பேட்டரி நேரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் சும்மா கேட்டுக்கொண்டு, எப்போதாவது பேசினால் வரும் நேரம் அது.

இரண்டிலும் நான் விடாமல் கேட்பது டி.எஸ்.சி வசதி, அதாவது பேசாமலே டிஜிட்டல் முறையில் அபாய அழைப்பு அனுப்பும் வசதி. மூடியைத் திறந்து சிவப்புப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், படகின் 9 இலக்க அடையாள எண்ணும் இருக்கும் இடமும் சேனல் 70 வழியாகத் தானாகவே போய்விடும். பதற்றத்தில் வாய் குழறினாலும் இடம் தப்பாகப் போகாது. அதற்குப் பிறகு அவசர அழைப்புக்கான சேனல் 16இல் பேசலாம். பொருத்தும் செட்களில் இது இப்போது சாதாரணம். கையடக்கத்தில் சில மாடல்களில் மட்டுமே உண்டு. ஆனால் அந்த எண்ணைப் பதிவு செய்து செட்டில் ஏற்றியிருக்க வேண்டும், ஜி.பி.எஸ் இணைப்பும் வேண்டும். இல்லாவிட்டால் சிவப்புப் பொத்தானை நம்ப முடியாது.

என் முடிவு இது. படகில் பேட்டரி இருந்து, கரையை விட்டு ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவர் என்றால் முதல் பணம் பொருத்தும் செட்டுக்கும் நல்ல கேபிளுக்கும். கையடக்கம் அடுத்து, ஆனால் சீக்கிரம். துடுப்புப் படகு, கயாக் போல மின்சாரமே இல்லாதவற்றுக்கு யோசிக்க ஒன்றுமில்லை: ஜி.பி.எஸ்ஸும் டி.எஸ்.சியும் உள்ள கையடக்கம். அதைப் பைக்குள் வைக்க வேண்டாம். கிளம்பும்போதே முழுச் சார்ஜோடு உயிர்காப்பு அங்கியில் கயிறு போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். பேசும்போது ஆன்டெனா செங்குத்தாக நிற்கட்டும்.