வேலூரில் ஃப்ரீலான்ஸ்: டாலர் தளமா, உள்ளூர் பார்ட்டியா?

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் வீட்டிலிருந்தே டிசைன், வெப்சைட், எழுத்து வேலை செய்பவர்கள் எதைப் பேசினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள்: அப்வொர்க், ஃபைவர் தளங்களில் வெளிநாட்டு வேலை பிடிப்பதா, இல்லை வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பார்ட்டிகளைத் தேடிப் போவதா? பெரும்பாலும் ரேட்டை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், பணம் எப்போது கைக்கு வரும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தளங்களில் ரேட் கண்ணைப் பறிக்கும். கழிவும் அதற்கேற்ப இருக்கும். ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 100 டாலர் வேலைக்கு உங்களுக்கு 80. அப்வொர்க்கில் 2025 மே முதல் புது ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதம் வரை மாறும் கட்டணம். போதாததற்கு வேலைக்கு விண்ணப்பிக்க ‘கனெக்ட்ஸ்’ என்ற டோக்கன்களை வாங்க வேண்டும். ஒன்று 15 சென்ட், ஒரே விண்ணப்பத்துக்குப் பல தேவைப்படும். வேலை கிடைக்காவிட்டாலும் போனது போனதுதான். ஆனால் வேலை கிடைத்துவிட்டால் பணத்துக்கு அலைய வேண்டாம். அப்வொர்க்கில் மொத்தத் தொகை பேசிய வேலை என்றால், பணம் முன்கூட்டியே எஸ்க்ரோவில், அதாவது தளத்தின் பொறுப்பில், கட்டப்பட்டிருக்கும். முடித்துக் கொடுத்த வேலைக்குக் கிளையன்ட் 14 நாள் பதிலே சொல்லாவிட்டாலும் தானாக விடுவிக்கப்படும்.

உள்ளூரில் கதையே வேறு. கழிவு கிடையாது, போட்டிக்கு நூறு பேர் கிடையாது. ஆனால் வேலை முடிந்ததும் “அடுத்த வாரம் வாங்க தம்பி” தொடங்கிவிடும். உள்ளூர் வேலையை வெறுத்து ஒதுக்குகிறவர்கள் பலரும் இந்த ஒரு வாக்கியத்தால்தான் ஒதுக்குகிறார்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, நம் ஆட்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. மத்திய அரசின் உத்யம் பதிவுத் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்வது இலவசம். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், அதிகபட்சம் 45 நாளில், பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். அதோடு 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, இந்தக் கெடுவைத் தாண்டி பாக்கி வைத்த பில்லை, பணம் கொடுக்கும் வரை வேலை கொடுத்த பார்ட்டி தன் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. சட்டத்தைக் காட்டி மிரட்டச் சொல்லவில்லை. மிரட்டினால் அடுத்த வேலை வராது. பில்லில் உத்யம் எண்ணையும் கெடு தேதியையும் அச்சிட்டாலே போதும், மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே ஞாபகப்படுத்துவார். பாதிப் பணம் அட்வான்ஸ் என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.

உள்ளூர் என்றதும் நோட்டீஸும் விசிட்டிங் கார்டும்தான் என்று நினைப்பது தப்பு. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளுக்கு மேற்கு வங்கம், வடகிழக்கு, வங்கதேசத்திலிருந்து நோயாளிகளும் குடும்பத்தாரும் வருகிறார்கள். அந்தத் தெருக்களில் வங்காளி எழுத்துப் பலகைகளைப் பார்க்காதவர் யார்? வங்காளியில் ஒரு பக்கமும், சரியான மேப் இடமும், வாட்ஸ்அப் பட்டனும் இருந்தால் லாட்ஜ்காரருக்கு அது நேரடி வருமானம். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல், ஷூ கம்பெனிகள் ஏற்றுமதி செய்கின்றன. வெளிநாட்டு பையர் முன் வைக்க கேட்லாக், போட்டோ, நல்ல ஆங்கிலம் எல்லாம் வேண்டும். இந்த வேலைக்குத் தளத்து ரேட்டைக் கேட்டாலும் தவறில்லை. நேரில் போய் ஷூவைக் கையில் வைத்துப் படமெடுக்க வெளிநாட்டு ஃப்ரீலான்சரால் முடியாது அல்லவா?

நேரக் கணக்கும் உண்டு. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 7.30. நம் ஊர் மே மாத வெயிலில் பகலில் லேப்டாப்போடு மல்லுக்கட்டுவதைவிட ராத்திரி வேலை மேல் என்பது சிலருடைய கட்சி. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அது நடக்காது.

வரியில் ஒரே ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு வருமானத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று நம்பி, ஜிஎஸ்டி பதிவுக்கான ஆண்டு 20 லட்ச ரூபாய் வரம்பில் அதைச் சேர்க்காமல் விடுகிறார்கள். வெளிநாட்டு வேலை என்பது ஏற்றுமதிச் சேவை, அதுவும் மொத்த விற்றுமுதலில் சேரும். வரம்பைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அப்புறம் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்தால் வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம்.

ஆக, யாருக்கு எது? கோட் எழுதுகிறவர், அதிலும் ஒரே ஒரு விஷயத்தில் கை தேர்ந்தவர் என்றால் தளத்துக்குப் போகலாம். போட்டோ, வீடியோ, கேட்லாக், தமிழ் எழுத்து என்றால் உள்ளூர்தான், யோசிக்கவே வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர் எந்தத் துறையானாலும் முதலில் இரண்டு உள்ளூர் வேலையை முடித்து, அவற்றைத் தளத்தில் மாதிரியாகக் காட்டலாம். மாதிரி இல்லாமல் கனெக்ட்ஸுக்குக் காசு கொட்டுவது வீண் செலவு.