மெலியவைப்பதா, மூக்கை மட்டும் வெட்டுவதா, முழுதாகச் செய்வதா: பக் நாயின் மூச்சுக்கு மூன்று வழிகள்

சப்பை மூக்கு நாய் மூச்சுக்குத் திணறினால் செய்யக்கூடியவை மூன்று. உடம்பை மெலியவைத்து, வெக்கை படாமல் வைத்துச் சமாளிப்பது ஒன்று. மூக்குத் துவாரங்களை மட்டும் அகலமாக்கிவிடுவது இன்னொன்று. மூக்கு, மெல்லண்ணம் (மேல்வாயின் பின்பக்க மென்சதை), தேவைப்பட்டால் குரல்வளை என்று எல்லாவற்றையும் ஒரே மயக்கத்தில் திருத்துவது மூன்றாவது. எங்கள் வீமனுக்கு (பெயர்தான் வீமன், ஆள் பக்) மூன்றாவதைச் செய்வித்தோம். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைத்து வாசிக்க வேண்டாம். நான் முழுச் சத்திரசிகிச்சையின் பக்கம். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனைக்குத்தான் கீழே அதிக இடம் எடுத்திருக்கிறேன்.

முதலில் பிரச்சினை என்னவென்று சுருக்கமாக. முகம் சப்பையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததில் மண்டையோடு குறுகிவிட்டது. உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறுகவில்லை. மூக்குத் துவாரம் கீறல் மாதிரி இருக்கும். மெல்லண்ணம் நீண்டு தடித்து, மூச்சுக்குழாயின் வாசலில் தொங்கும். அடைபட்ட வழியால் காற்றை உள்ளே எடுக்க நாய் ஒவ்வொரு மூச்சையும் பலமாக உறிஞ்ச வேண்டும். அந்த உறிஞ்சலே நாளடைவில் குரல்வளையின் பக்கத்துப் பைகளை வெளியே இழுத்துவிடுகிறது, பிறகு குருத்தெலும்பையும் தளர்த்துகிறது. குருத்தெலும்பு உள்ளே சரியத் தொடங்கினால் மருத்துவர் செய்யக்கூடியது மிகவும் குறைந்துவிடும். ஆகவே ‘பாப்பம், பொறுப்பம்’ என்று இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. குறட்டையைக் கேட்டுவிட்டு “பக் எண்டால் அப்பிடித்தானே” என்று சொல்லாத விருந்தாளி எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அப்படித்தான் என்பது உண்மை. அது சுகமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம் இல்லை, அவ்வளவுதான்.

எந்த வழி என்று யோசிக்க முன்னம் நாயின் நிலை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இதற்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது. நாயை 3 நிமிடம் துள்ளு நடையில் ஓடவிட்டு, ஓட முன்னமும் ஓடிய பின்னும் தொண்டைப் பக்கத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் போடுவார்கள். 0, 1 என்றால் எடையைக் கவனித்துக்கொண்டு அவ்வப்போது காட்டினால் போதும். 2, 3 என்றால் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் மிருக வைத்தியர் கிளினிக் வளவுக்குள்ளேயே வீமனை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு இரண்டு என்றார். “தம்பி, முதல் நிறையைக் குறையுங்கோ. பேந்து கதைப்பம்.”

முதல் வழி அதுதான். பக்குக்கு இனத்தரப்படி 6 முதல் 8 கிலோ வரை இருக்கலாம். வீமன் 10-ஐத் தாண்டியிருந்தான். அம்மா பாணும் மாரி பிஸ்கட்டும் கொடுப்பதை நிறுத்த வைத்ததுதான் இந்த முழுக் கதையிலும் கஷ்டமான சத்திரசிகிச்சை. எடை குறைந்ததும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. கொழுப்பு தொண்டைச் சதைக்குள்ளும் சேரும் என்பதால் மெலிவது நேரடியாக மூச்சுக்கு உதவுகிறது. கழுத்துப் பட்டிக்குப் பதில் மார்புப் பட்டி, வெயிலுக்கு முதல் நடை, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. தரம் 1-இல் இருக்கும் நாய்க்கு இவ்வளவும் போதும். செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. அந்த நாயைக் கத்திக்குக் கொண்டுபோகத் தேவையே இல்லை.

தரம் 2 அல்லது அதற்கு மேல் என்றால் யாழ்ப்பாணத்தில் இந்த வழி ஓர் இடத்தில் முட்டி நிற்கும். நாய்க்கு வியர்வை உள்ளங்காலில் மட்டும்தான். உடம்புச் சூட்டை அது இறக்குவது மூச்சு இளைத்து இளைத்து, நாக்கிலும் மூக்கிலும் ஈரத்தை ஆவியாக்கித்தான். கடல் சூழ்ந்த ஊரில், சித்திரை மாதத்தில், 34 பாகைக்கு மேல் வெக்கையும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அந்த ஆவி போகாது. போகாததால் நாய் இன்னும் இளைக்கும். இளைப்பதே உடம்பைச் சூடாக்கும், தொண்டையையும் வீங்கவைக்கும். வீங்கினால் வழி இன்னும் அடைபடும். இந்தச் சுற்றை உடைக்க ஏசி வேண்டும், ஏசிக்குக் கரண்ட் வேண்டும், கரண்ட் போனால் கவனிக்க வீட்டில் ஆள் வேண்டும். 2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், மறக்கவில்லை. அப்புறம் கட்டணமும் ஏறியது. பத்துப் பன்னிரண்டு வருடம் உயிரோடு இருக்கப்போகிற ஒரு நாயின் மூச்சை மின்சார சபையின் கையில் கொடுத்துவைக்க எனக்கு மனமில்லை.

இரண்டாவது வழியை நான் விரைவாகக் கடந்துபோகிறேன். மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் ஆப்பு வடிவில் ஒரு துண்டு சதையை எடுத்துத் தைப்பது. சிறிய வேலை, ஊரிலேயே செய்விக்கலாம், தையலும் தானாகவே கரையும். கருத்தடை செய்யும் வயதில், அதே மயக்கத்தோடு குட்டிக்குச் செய்துவிட்டால் பிறகு வரும் உறிஞ்சலைக் குறைக்கலாம் என்று சில வைத்தியர்கள் சொல்கிறார்கள். குட்டி கையில் இருப்பவர்கள் அதைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும். வளர்ந்த நாய்க்கோ ஒரு சிக்கல் உண்டு. மெல்லண்ணம் எவ்வளவு நீளம், குரல்வளை எப்படி இருக்கிறது என்பதை நாய் விழித்திருக்கும்போது வாயைத் திறந்து பார்க்க முடியாது. மயக்கினால்தான் தெரியும். மூக்குக்காக மயக்கி, அண்ணமும் நீளம் என்று கண்டுபிடித்து, எழுப்பி, பிறகு இன்னொரு முறை மயக்குவது என்றால் ஆபத்தான நேரத்தை இரண்டு முறை விலை கொடுத்து வாங்குகிறோம்.

அந்த ஆபத்தான நேரம்தான் நான் சொன்ன நிபந்தனை.

எல்லோரும் கேட்பது “யார் வெட்டுறது?” என்று. கேட்க வேண்டியதுதான். அண்ணத்தைக் குறைவாக வெட்டினால் பயனில்லை. கூடுதலாக வெட்டினால் சாப்பாடும் தண்ணீரும் மூக்குக்குள் ஏறும், நுரையீரலுக்கும் போகலாம். ஆனால் எனக்கு முடிவைத் தந்தது வேறு கேள்வி: வெட்டிய அன்று இரவு நாய்க்குப் பக்கத்தில் யார் நிற்பது?

காரணம் பள்ளிக்கூடப் பௌதிகம்தான். ஒரு குழாயின் ஆரை பாதியானால் அதற்குள் சீராக ஓடும் காற்றுக்கான தடை இரண்டு மடங்கல்ல, 16 மடங்காகும். நாயின் தொண்டை அவ்வளவு நேரான குழாய் இல்லை, கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது. போக்கு மட்டும் அதுதான். இரண்டு மில்லிமீட்டர் அகலமாக்கினால் நாய்க்கு வேறு உயிர் வந்த மாதிரி இருப்பது இதனால்தான். இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். வெட்டிய இடம் வீங்கும். மெல்லிய வீக்கமும் முன்பிருந்ததைவிட மோசமாக வழியை அடைக்கக்கூடும். முதல் 24 மணித்தியாலம், சில நாய்களுக்கு 48 வரை, இந்தப் பயம் இருக்கிறது. அதோடு சப்பை மூக்கு நாய்களுக்கு வயிற்றிலிருப்பது மேலே எதிர்த்து வருவது சாதாரணம். அரை மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. நல்ல கையால் வெட்டப்பட்ட நாயும் நடுச்சாமத்தில் ஆள் இல்லாத கூட்டுக்குள் செத்துப்போகலாம்.

ஆகவே நாங்கள் விசாரித்த இடமெல்லாம் ஒரே கேள்விகளைத்தான் கேட்டோம். மூச்சுக்குழாய்க்குள் போட்ட டியூபை எப்போது எடுப்பீர்கள்? சரியான பதில், நாய் நன்றாக விழித்து, தலையைத் தூக்கி, இனி இந்தக் குழாய் வேண்டாம் என்று அதுவே மெல்லத் தொடங்கும்வரை எடுக்கமாட்டோம் என்பது. மயக்க முன்னமே ஒட்சிசன் கொடுப்பீர்களா? வயிற்று அமிலத்துக்கும் வாந்திக்கும் முதலே மருந்து உண்டா? வீக்கம் கூடினால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கத் தெரிந்தவர் அந்த இரவில் கூப்பிடு தூரத்தில் இருப்பாரா? இதில் கடைசிக் கேள்விக்கு “இரவில் ஆள் நிக்கிறேல்ல, காலமை வந்து பாப்பம்” என்று நேர்மையாகச் சொன்னார் எங்கள் ஊர் வைத்தியர். அவருடைய கையில் எனக்கு முழு நம்பிக்கை. வீமனின் ஊசியெல்லாம் இன்றைக்கும் அவரிடம்தான். இருந்தாலும் இந்த ஒரு வேலைக்கு அவரே எங்களை வெளியே போகச் சொன்னார்.

கொழும்பா, கால்நடை மருத்துவ பீடம் இருக்கிற பேராதனைப் பக்கமா என்று பார்த்ததில் கண்டிக்குப் போனோம். காரணம் மருத்துவம் பாதி, மச்சாள் பாதி. கட்டுகஸ்தோட்டையில் அவள் வீடு இருந்தது. வைத்தியசாலையில் ஓர் இரவு வைத்திருந்துவிட்டு விட்டபிறகும் உடனே ஊருக்குத் திரும்பாமல் அங்கே தங்க முடிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி ஏ9 வீதியில் 300 கிலோமீட்டருக்கு மேல். தொண்டை வீங்கிய நாயோடு வவுனியாவுக்கும் ஆனையிறவுக்கும் நடுவில் வான் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தாலே போதும், தங்க இடம் ஏன் முக்கியம் என்று விளங்கும். தை மாதத்தில் போனோம். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மாத இரவுகளில் அங்கே விசிறிகூடத் தேவைப்படாது. இளைக்க வேண்டிய அவசியமே இல்லாத குளிரில் தொண்டை ஆறியது. இதே வேலையைச் சித்திரையில் செய்வித்திருந்தால் எனக்கு இந்தத் தைரியம் இருந்திருக்காது. இன்னொன்று, போயாவுக்கோ (பௌர்ணமி விடுமுறை) நீண்ட விடுமுறைக்கோ முதல் நாளில் திகதி எடுக்காதீர்கள். ஆள் குறைந்த வைத்தியசாலையில் அந்த இரவு வரக்கூடாது.

வெட்டும் முறைகளில் லேசர், சாதாரணக் கத்தி, அண்ணத்தை மடித்துத் தைப்பது என்று வகைகள் உண்டு. லேசரில் இரத்தம் குறைவு, நேரமும் குறைவு. மடிக்கும் முறை நீளத்தோடு தடிப்பையும் குறைக்கும். எங்களுக்குச் செய்தது சாதாரணக் கத்தியால். மற்ற இரண்டையும் நான் கண்ணால் கண்டதில்லை, ஆகவே எது மேல் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. செய்பவருக்கு எந்த முறை கைப்பழக்கமோ அதையே செய்யட்டும் என்பது என் எண்ணம்.

செலவைப் பற்றி ஒரு வரி: ஹயர் வானும் தங்கலும் முன்கூட்டிய இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரேயும் சேர்ந்து சத்திரசிகிச்சைக் கட்டணத்துக்குக் கிட்ட வந்தன. பட்ஜெட் போடும்போது வெட்டுக்கூலியை மட்டும் எண்ண வேண்டாம். கனடாவில் இருந்து தம்பி பாதி அனுப்பினான். “நாய்க்கு இவ்வளவோ?” என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பினான். அது வேறு கதை.

பலன்? வீமன் இன்னும் குறட்டை விடுகிறான், முன்பைவிடக் குறைவாக. படுத்தபடி தலையைத் தூக்கிவைத்து, திடுக்கிட்டு எழும்பும் பழக்கம் போய்விட்டது. சாப்பிட்டதைத் திருப்பி எடுப்பதும் அநேகமாக நின்றுவிட்டது. மூச்சு இலகுவானதும் வயிற்றுத் தொல்லையும் குறைவது வழக்கம் என்றார்கள். ஆனால் அவன் ஊர் நாய் ஆகிவிடவில்லை. மத்தியானத்தில் வெளியே விடுவதில்லை, எடையை இன்றும் தராசில் பார்க்கிறோம். முதல் வழியில் செய்ததெல்லாம் மூன்றாவது வழியிலும் தொடரும். வித்தியாசம், கரண்ட் போனால் இப்போது நான் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவதில்லை. போன கையோடு கருத்தடையும் சேர்த்துச் செய்வித்துவிட்டோம். குட்டிக்காக கிராஸ் பண்ணக் கேட்டு வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. வெட்டித் திருத்திய தொண்டை குட்டிக்குப் போகாது, வெட்ட முன்னம் இருந்த தொண்டைதான் போகும் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவர் வேறு பக் தேடிப் போனார்.

என் அனுபவம் எங்கே மெலிகிறது என்றும் சொல்லவேண்டும். வீமனுக்கு அப்போது இரண்டு வயது, குரல்வளை சரியத் தொடங்கவில்லை. எட்டு வயது நாய்க்கு, குரல்வளை ஏற்கெனவே சரிந்த நாய்க்கு இந்தக் கணக்கு மாறும். மயக்கத்தின் ஆபத்து கூடும், கிடைக்கும் பலன் குறையும். அங்கே மெலிவும் குளிர்ச்சியும்தான் சரியான வழியாக இருக்கலாம். புல்டோக் வைத்திருப்பவர்கள் மூச்சுக்குழாயையும் எக்ஸ்ரேயில் பார்க்கச் சொல்லுங்கள். சிலவற்றுக்குக் குழாயே பிறப்பிலிருந்து ஒடுக்கம், அதை எந்தக் கத்தியாலும் அகலமாக்க முடியாது. ஷிட்சுவைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒழுங்கை முனையில் இருக்கும் ஒன்றை மட்டும்தான். அதற்கு மூக்கு மட்டும் செய்து, நன்றாகவே ஓடித் திரிகிறது.