கொறங்காட்டில் ஒரு நாள்: 1,200 ரூபாய்க்குத் தகுமா?

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு பண்ணையில் ‘கிராமத்தில் ஒரு நாள்’ என்று நடத்துகிறார்கள். ஆளுக்கு 1,200 ரூபாய். காலையில் கொறங்காட்டில் நடை, மதியம் சாப்பாடு, மாலையில் மாட்டுவண்டி. வைகாசியில் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வட்டாரத்தில் வங்கியின் விவசாயக் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். எனக்கே சுற்றிக் காட்ட ஆளா என்ற இளக்காரம் மனதில் இருந்தது.

கொறங்காடு என்பது மழையை மட்டும் நம்பிய மேய்ச்சல் நிலம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே குடை விரித்த வெள்வேல மரம். வேலி இருப்பதால் மாட்டை உள்ளே விட்டுக் கடவை அடைத்துவிட்டால் மேய்க்க ஆள் தேவையில்லை. ஒரு காட்டில் புல் குறைந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள்.

எங்களோடு வந்த சென்னைக்காரர்களுக்கு முகம் வாடிவிட்டது. காடு முழுக்க வைக்கோல் நிறம். மாடு பார்க்கிற பெரியவர்தான் எங்களுக்கு வழிகாட்டி. அவர் குனிந்து ஒரு காய்ந்த தூரை விரலால் பிரித்தார். அடியில், மண்ணை ஒட்டி, நகக்கண் அளவுக்குப் பச்சை. “சாகவில்லைங்க, தூங்குகிறது. ஐப்பசி மழைக்கு எழுந்துவிடும்” என்றார். பிறகு துரட்டியால் வெள்வேலங் கிளை ஒன்றை உலுக்கினார். நெற்று விழுந்த சத்தம் கேட்டு எங்கிருந்தோ மேச்சேரி இனச் செம்மறி ஆடுகள் ஓடி வந்தன. புல் இல்லாத மாதங்களில் இந்த நெற்றுதான் அவற்றுக்குத் தீனி. செரிக்காத விதை புழுக்கையோடு விழுந்து முளைக்கிறது. மரம் நட யாருக்கும் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு காங்கேயம் பசுவின் பின்னால் செவலைக் கன்று நின்றது. வேறு இனமா என்று பேரன் கேட்டான். பிறக்கும்போது எல்லாக் கன்றும் செவலைதான், ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும், காளையானால் திமிலும் கழுத்தும் கருக்கும் என்று பெரியவர் சொன்னார். எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் கன்றின் காதைத் திருப்பி, அடிமயிரில் நிறம் மாறத் தொடங்கியிருந்ததை அவர் காட்டியபோது நானும்தான் எட்டிப் பார்த்தேன்.

வேலிக்கு அப்பால் தலை காய்ந்த தென்னைகள். இது பிஏபி என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்தின் வாய்க்கால் நீர்கூட நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து வருகிற பூமி. அந்தக் காலத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்கும் தென்னைக்கும் தாராளமாகக் கடன் எழுதினேன். கொறங்காட்டை ஆய்வுப் படிவத்தில் ‘தரிசு’ என்றுதான் குறிப்பேன். பெரியவரிடம் இதைச் சொல்லவில்லை.

சாப்பாட்டில் குறையில்லை. கம்பஞ்சோறு, கொள்ளுக் கடைசல், அரிசியும் பருப்பும் சாதம், மோர். நடுவில் பனீர் குழம்பு எதற்கு என்றுதான் புரியவில்லை. நாட்டு மாட்டுப் பாலில் காபி என்றார்கள். கொட்டகைக்குப் பின்னால் கட்டியிருந்த கலப்பினப் பசுவை நான் பார்த்துவிட்டேன். காங்கேயம் மாடு கன்றுக்குப் போகக் கொடுக்கும் பாலில் பன்னிரண்டு பேருக்கு இரண்டு வேளை காபி போடுவது லேசான காரியமில்லை.

இலை போட்டதும் பண்ணைக்காரர் தம் பாட்டனார் காளை வளர்த்த பெருமையை அரை மணி நேரம் பேசினார். பெரியவர் பந்தியில் இல்லை. கேட்டதற்கு, “அவர் அப்புறம் சாப்பிடுவாருங்க” என்றார். எழுந்து போய்ப் பார்த்தேன். வெள்வேல மர நிழலில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குப்போசியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். இந்த நடைக்குத் தனியாக ஏதும் தருகிறார்களா என்று கேட்டேன். “நாள் கூலிதானுங்க” என்றார். அன்று வசூல் 14,400 ரூபாய். அவர்கள் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் காளைகளின் பெயர்கூட இருக்கிறது, அவர் பெயர் இல்லை.

மாட்டுவண்டி தார்ச் சாலையில் பத்து நிமிடம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். போவதென்றால் கார்த்திகையில் போங்கள், புல் இடுப்பளவு நிற்கும். பதிவு செய்யும்போதே, காட்டுக்கு அந்தப் பெரியவர்தான் கூட வர வேண்டும், எங்களோடு பந்தியில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள். வெள்வேல முள் அடியைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். பேரன் காலில் அப்படித்தான் ஏறியது.