வேகவைக்கத் தெரிந்தது, அரைக்கத் தெரியவில்லை: பேபி ஃபுட் மேக்கரும் நானும்

பேபி ஃபுட் மேக்கர் விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் வீட்டுக் குழந்தைக்கு இன்னும் சில வாரங்களில் ஆறு மாதம் முடிகிறது. "நீங்கதான் ரொம்ப நாளா வச்சிருக்கீங்களே, சொல்லுங்க" என்றார். ஒரு வரியில் பதில் அனுப்பப் பார்த்தேன், முடியவில்லை. இந்த இயந்திரத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஒரு வரிக்குள் அடங்காது.

காய்கறியை நீராவியில் வேகவைத்து, அதே ஜாரைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினால் அரைத்தும் கொடுக்கிற வகை இது. வாட், லிட்டர் எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது, விட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் பாப்பாவுக்குச் சமைப்பது என் வேலை. அதனால் இதை அதிகம் திட்டியதும் நான்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நியாயமில்லாமல் பேசினேன் என்று யாரும் சொல்லக்கூடாது. வேகவைப்பதில் குறையே கிடையாது. தொட்டியில் தண்ணீர் ஊற்றி, காயை ஒரே அளவில் நறுக்கிப் போட்டு, பட்டனைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். நேரம் முடிந்ததும் தானே நின்றுவிடும். அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்பில் பாத்திரத்தை எட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தண்ணீரில் மூழ்கி வேகும்போது வைட்டமின் சி, ஃபோலேட் போன்ற சத்துகள் தண்ணீரோடு போய்விடும். நீராவியில் அந்த இழப்பு குறைவு. கேரட், பட்டாணி எதுவும் நிறம் வெளுக்காமல் வெளியே வரும். இவ்வளவு வரைக்கும் முழு மதிப்பெண்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். சூடான நீராவி குளிர்ந்த காயிலும் ஜாரின் சுவரிலும் பட்டுத் தண்ணீராக மாறும். காயிலிருந்து கசிகிற சாறும் அதோடு சேரும். ஜாரைத் திருப்பினால் அந்தத் தண்ணீர் முழுவதும் காயோடு பிளேடின் மேல் விழும். பூசணிக்காய் போட்டால் கேட்கவே வேண்டாம், குடிக்கிற பதத்தில் ஒன்று கிடைக்கும். கையேடு இதை ஒரு வசதியாகவே சொல்கிறது: சத்துள்ள வேகவைத்த நீர் வீணாகாதாம். சத்து வீணாகாது என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் குழந்தையின் வயிற்றில் இடம் வீணாகிறதே?

இது வெறும் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். ஆறு மாதக் குழந்தையின் வயிறு சின்னது. ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 30 மில்லி என்பது கணக்கு. ஏழு கிலோ குழந்தை ஒரு வேளைக்கு நிறைய நிறையச் சாப்பிட்டாலும் சுமார் 210 மில்லியைத் தாண்டாது. ஆரம்பத்தில் இரண்டு மூன்று ஸ்பூன் இறங்கினாலே பெரிய விஷயம். ஆறிலிருந்து எட்டு மாதம் வரை, தாய்ப்பாலுக்கு மேல் உணவிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெந்த பூசணிக்காய் 100 கிராமில் இருப்பதே சுமார் 20 கலோரி. கேரட்டில் 35. அதிலும் பாதி அளவு தண்ணீரைக் கலந்துவிட்டு, குழந்தை வயிறு நிறையச் சாப்பிட்டது என்று நாம் சந்தோஷப்படுகிறோம். ஸ்பூனைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். இந்த இயந்திரத்தைச் சொன்னபடி இயக்கினால் அந்தப் பதம் ஒரு நாளும் வராது.

சரி, தண்ணீரை வடித்துவிட்டு அரைக்கலாமே? அரைக்கலாம். கொதிக்கிற ஜாரைக் கழற்ற வேண்டும், ஆவி முகத்தில் அடிக்காமல் மூடியைத் திறக்க வேண்டும், காய் விழாமல் நீரை மட்டும் ஒரு கிண்ணத்தில் சாய்க்க வேண்டும், மறுபடி பூட்ட வேண்டும். இத்தனையும் செய்வதற்கு எதற்கு ஒரே ஜார் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டார்கள்? இன்னொன்று, நீரை வடித்துவிட்டால் பிளேடுக்குக் காய் எட்டாது. கெட்டியான விழுது சுவரில் ஏறி ஒட்டிக்கொள்ளும், நடுவில் பிளேடு காற்றைக் கலக்கிக்கொண்டிருக்கும். நிறுத்தி, வழித்துவிட்டு, மறுபடி சுற்றி, மறுபடி நிறுத்தி. குழந்தை சாப்பிடுவது மூன்று ஸ்பூன். இயந்திரம் ஒழுங்காக அரைக்க அதற்குப் பல மடங்கு வேண்டும். மீதியை ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைப்பதுதான் வழி. அது நல்ல பழக்கம்தான். ஃபிரிட்ஜில் ஒன்றிரண்டு நாள், ஃப்ரீஸரில் ஒன்றிரண்டு மாதம் தாங்கும். ஒரு தடவை உருக்கியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது. குழந்தையின் வாயில் பட்ட ஸ்பூன் தொட்ட கிண்ணத்து மீதியை எடுத்து வைக்கவே கூடாது.

உருளைக்கிழங்கை மட்டும் இதில் அரைத்துவிடாதீர்கள். வேகமான பிளேடில் கிழங்கின் செல்கள் உடைந்து மாவுச்சத்து வெளியே வந்து, போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி ஆகிவிடும். முட்கரண்டியால் மசித்தால் ஒரு நிமிட வேலை, பஞ்சு போல இருக்கும். பட்டாணித் தோலை எவ்வளவு நேரம் சுற்றினாலும் பிளேடு முழுசாக அரைக்காது. சல்லடையில் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சல்லடை கைக்கு வந்துவிட்ட பிறகு இயந்திரத்தின் பக்கம் எதற்குத் திரும்ப வேண்டும் என்று தோன்றும்.

மற்றக் குறைகளை வேகமாகச் சொல்கிறேன். கேரட்டின் நிறமி கொழுப்பில் கரைவது, பிளாஸ்டிக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கழுவுவதற்கு முன் துளி எண்ணெய் தடவித் துடைத்தால் ஓரளவு போகும். கடின நீர் ஊற்றினால் சூடாகும் தட்டில் வெள்ளையாகப் படியும். சிட்ரிக் அமிலம் கரைத்து ஊறவைத்தால் விட்டுவிடும். பிளேடுக்கு அடியில் இருக்கிற ரப்பர் வளையத்தை ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவாவிட்டால் கருப்புப் பூசணம் பிடிக்கும். அந்த வளையம் தளர்ந்து ஒழுக ஆரம்பித்தபோது உதிரிபாகத்துக்காகக் காத்திருந்த காலத்தில், ஒரு சாதாரணப் பாத்திரத்தின் மேல் துளைத்தட்டு வைத்து மூடி வேகவைத்தேன். பாப்பாவுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எனக்குத்தான் அடுப்படியிலேயே நிற்க வேண்டியிருந்தது.

இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது: காய் விழுது மட்டும் போதாது. பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச்சத்து இருப்பு ஆறு மாத வாக்கில் குறைந்துவிடும். அதனால் பருப்பு, முட்டை, இறைச்சி ஏதாவது சீக்கிரமே சேர வேண்டும். காயிலிருக்கும் வைட்டமின் சி, பருப்பின் இரும்பு உடம்பில் சேர உதவும். கொஞ்சம் எண்ணெயோ வெண்ணெயோ சேர்த்தால் கலோரியும் ஏறும், கேரட்டின் சத்தும் நன்றாக உறிஞ்சப்படும். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை சேர்க்காமல் இருப்பது நல்லது. தேனை ஒரு துளிகூடக் கொடுக்கக் கூடாது. பீன்ஸைத் துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு புதிய ருசியை ஏற்றுக்கொள்ள எட்டுப் பத்துத் தடவை, சில குழந்தைகளுக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை நம் பொறுமையை அரைத்துக் கொடுக்கிற இயந்திரம் இன்னும் வரவில்லை.

நான் எதிர்பார்க்காதது அரைக்கும் காலம் முடிந்த பிறகுதான் நடந்தது. நைசான விழுதையே நீட்டிக்கொண்டு போகக் கூடாது. ஒன்பது, பத்து மாதத்துக்குள் கட்டி கட்டியான உணவு பழகாத குழந்தைகள் பிற்பாடு சாப்பிட அதிகம் அடம் பிடிக்கிறார்கள். அதனால் எட்டு மாதம் வாக்கில் பிளேடைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து இது அருமையான இயந்திரமாகிவிட்டது! சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட், காலிஃபிளவர் எல்லாவற்றையும் விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்தால், இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் நசுங்குகிற பதத்தில் எடுத்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதே பதம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் போதும், பாப்பாவே எடுத்துச் சாப்பிடும். கீழே சேரும் தண்ணீர் பெரியவர்கள் சூப்புக்குப் போகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வீட்டில் இதைவிட அதிகம் உழைத்த சாமான் வேறு இல்லை.

நண்பருக்கு எழுதிய பதில்: வாங்க வேண்டாம். விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் வேண்டாம். தனியாக ஒரு சின்ன ஸ்டீமர், ஒரு முட்கரண்டி, ஒரு சல்லடை போதும். அரைக்கும் வேலை இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும், அதற்காக மோட்டாருக்குப் பணம் கொடுக்காதீர்கள். "அப்படின்னா உங்களோடதை எனக்குக் கொடுத்துடுங்களேன்" என்று திருப்பிக் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். பிளேடு மட்டும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும்.