கடல் மீன் தொட்டி வைக்க ஆசையா? காசு கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

385,000 ரூபாய். நான் ஏமாந்த தொகையை முதலே எழுதிவிடுகிறேன், கடைசிவரை வாசிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு அதாவது போய்ச் சேரட்டும். கடையின் பெயரைப் போட்டால் பதிவையே தூக்கவைத்துவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்வதால் போடவில்லை. சமூக வலைத்தளத்தில் பக்கம் நடத்திக்கொண்டு, கடல் மீனும் முருகைக்கல்லும் வீட்டுக்கே கொண்டுவந்து செட் பண்ணித் தருகிறோம் என்று சொல்லும் ஒரு அலங்கார மீன் கடை. திருகோணமலையில் இந்தப் பைத்தியம் உள்ளவர்கள் கொஞ்சப் பேர்தான், அவர்களுக்கு விளங்கும்.

பேசியது இதுதான்: நாலடித் தொட்டி, கீழே தண்ணீர் வடிகட்டுகிற சம்ப் தொட்டி, அழுக்கை நுரையாக எடுக்கிற புரோட்டீன் ஸ்கிம்மர், எல்.ஈ.டி. விளக்கு, நீரோட்டத்துக்கு இரண்டு பம்ப், லைவ் ரொக் (நல்ல பக்டீரியா குடியிருக்கிற கடல் கல்), மீன், முருகைக்கல், தண்ணீரைக் குளிராக்கும் சில்லர். எல்லாம் சேர்த்து 385,000, முழுக் காசும் முதலே. சில்லர் பட்டியலில் இருந்தபடியால்தான் அந்த விலைக்கு ஓம் என்றேன். உப்புவெளி வெயிலில் வீட்டுக்குள் நிற்கும் தண்ணீரே 31 பாகைக்குப் போகும், முருகைக்கல்லுக்கு 25, 26 வேண்டும். சில்லர் இல்லாத தொட்டி இந்த ஊரில் நிற்காது.

காசு கைமாறும்வரை அந்தக் கடைக்காரனைப் போல ஒரு நல்ல பிள்ளையைப் பார்க்க முடியாது. வீட்டுக்கு வந்தான், செருப்பை வெளியே கழற்றினான், அம்மா போட்ட பிளேன்டீயை வாங்கிக் குடித்தான். தண்ணீரில் கல்சியம் 420, அல்கலினிட்டி 8, மக்னீசியம் 1300 இருக்க வேண்டும் என்று பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னான், எண்கள் எல்லாம் சரிதான், அதுதான் எரிச்சல். "அண்ணா, நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா நானே வந்து தண்ணி மாத்தித் தருவன். மீன் செத்தா வேற மீன், எழுதியே தாறன்." அம்மா உள்ளே வந்து "நல்ல பொடியனடா, குடு" என்றார். அங்கேயே போனில் 385,000-ஐ அவன் கணக்குக்கு அனுப்பினேன். எழுதித் தருகிறேன் என்ற தாள் இன்றுவரை வரவில்லை.

காலையில் தொட்டி வைத்தான், பின்னேரமே மீனை விட்டான். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பக்டீரியா வளரப் பொதுவாக 4 முதல் 6 கிழமை ஆகும். கடல் நீரின் பிஎச் 8.2 அளவில் நிற்பதால் அதே அம்மோனியா நன்னீரை விட இங்கே கூடுதலாகக் கொல்லும். இதைக் கேட்டபோது ஒரு சின்னப் போத்தலை ஊற்றிவிட்டு "இதுக்குள்ள எல்லாம் இருக்கு அண்ணா" என்றான். லைவ் ரொக் என்று அடுக்கியது கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கிற காய்ந்த கல்லுக்கு ஊதாச் சாயம் பூசியது. நகத்தால் சுரண்ட வந்தது. தண்ணீரோ கொட்டியாரக் குடாப் பக்கம் அள்ளியது, மகாவலி வந்து விழுகிற இடம், உப்புக் குறையும்! உப்பளவு பார்க்கிற அவனுடைய ரிஃப்ராக்டோமீட்டர் 1.025 காட்டியது, அது சரியான கடல் நீர் அளவு. நிலாவெளியில் சுழியோடிகளைக் கூட்டிப்போகிற என் மச்சான் தன்னுடையதைச் சரிபார்த்துக்கொண்டு வந்து வைத்தான், 1.019.

முதலில் செத்தது கிளவுன் மீன் சோடி. கோல் எடுத்தேன். "தண்ணி பழகும்வரைக்கும் அப்பிடித்தான்." அடுத்த கோலில் "சாப்பாடு கூடப் போட்டிருப்பீங்க." சில்லர் எங்கே என்றால் "கொண்டெய்னர் துறைமுகத்தில நிக்குது அண்ணா." துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கே துறைமுகக் கதை! அதற்குப் பிறகு பவுடர் ப்ளூ மீனில் வெள்ளைப் புள்ளி நோய். அந்த மீனுக்கு அது இலேசில் வரும், புதுத் தொட்டிக்கு அந்த மீனைக் கொடுக்கவே கூடாது. வேலைக்கு நிற்கிற பையனிடம் ஒரு நீல மருந்தைக் கொடுத்தனுப்பி, அதற்கு 4,500 ரூபாய் தனியாக வாங்கினார்கள். செம்பு கலந்த மருந்து. மீனுக்குப் பரவாயில்லை, இறாலும் முருகைக்கல்லும் செம்புக்கு நிற்காது என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. விடிய எழும்பிப் பார்த்தால் இறால் மல்லாந்து கிடக்குது, முருகைக்கல் சளி சளியாகக் கழன்று தொங்குது. செம்பு கல்லிலும் ஊறிவிடும், ஆகவே அந்தக் கல்லும் குப்பைக்குத்தான்.

பிறகு என்ன, "பொஸ் ஊரில இல்ல", "நாளைக்கு எடுக்கிறன்", நீல டிக், பதில் இல்லை. கடைசியாக என்னை புளொக் பண்ணிவிட்டு அதே பக்கத்தில் என் வீட்டுத் தொட்டியின் படத்தையே "திருகோணமலை வாடிக்கையாளருக்கு நாங்கள் செய்தது" என்று போட்டிருக்கிறான். என் வீட்டுத் திரைச்சீலை தெரிகிறது.

இன்னொன்று. வெளிநாட்டில் வளர்த்து அனுமதியோடு வந்தது என்று தந்த முருகைக்கல்லின் அடியை மச்சான் பார்த்தான். வளர்த்து விற்பது பொதுவாகச் சின்ன அடிக்கட்டையில் ஒட்டித்தான் வரும். இது பாறையோடு உடைத்த புதுக் காயம். எங்கே உடைத்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் நம்முடைய கடலில் உயிருள்ள முருகைக்கல் பிடுங்குவது சட்டவிரோதம், நிலாவெளிக் கடலில் இருக்கிற புறாத் தீவு 2003-இலேயே தேசியப் பூங்காவாகிவிட்டது. அனுமதித் தாளைக் கேட்டபோதுதான் புளொக் விழுந்தது. காசும் போய், பொலிஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவனும் நானா?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டி வைத்த அன்றே மீன் விடுகிறவனை வாசலோடு அனுப்புங்கள். அம்மோனியா டெஸ்ட் கிட்டை நீங்களே வாங்குங்கள், அவனுடைய மீட்டரை நம்பாதீர்கள். சில்லர் கண்ணால் காணாமல் சில்லர் காசு கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாயும் வேண்டாம், பில் இருந்தால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் கோல் அடிக்கலாம், என்னிடம் இருப்பது வங்கி ரசீதும் குரல் பதிவுகளும்தான், அதை வைத்துத்தான் நாளைக்குப் போகிறேன். 385,000 ரூபாய்! இதே ஆளிடம் முற்பணம் கட்டிக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.