நான்கு ஆன்டெனா வைஃபை 6 ரவுட்டர்: ஒரே நேரத்தில் பலருக்குத் தருகிறதா?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எம்யூ-மைமோ வசதியை நம்பித்தான் இந்த ரவுட்டரைப் பலரும் வாங்குவார்கள் என்பதால், மற்றவற்றை ஒதுக்கிவிட்டு அந்த ஒன்றையே சோதித்துப் பார்த்தேன்.

இவ்வசதி இல்லாத பழைய ரவுட்டர் ஒரு நேரத்தில் ஒரு கருவிக்கு மட்டுமே தரவை அனுப்பும். மற்றவை தம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். இதுவோ ஒரே அலைவரிசையில் பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் வெவ்வேறு தரவை அனுப்புகிறது. அதற்காக முதலில் ஒரு சோதனைச் சமிக்ஞை புறப்படுகிறது. அது தன்னிடம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை ஒவ்வொரு கருவியும் சுருக்கித் திருப்பி அனுப்ப, அந்த விவரத்தைக் கொண்டு, ஒரு கருவிக்கான அலைகள் மற்றொரு கருவி இருக்கும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளுமாறு, நான்கு ஆன்டெனாக்களிலும் அலையின் வீச்சையும் கட்டத்தையும் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும்) ரவுட்டர் அமைக்கிறது. ஒரே அலைவரிசையில் பல தரவோட்டங்கள் என்ற யோசனையை இந்தியாவில் பிறந்த பொறியியலாளர் ஆரோக்கியசாமி பால்ராஜ் 1990களின் தொடக்கத்தில் முன்வைத்தார். அது இன்று வீட்டுக் கருவியில் இயங்குவதைக் காண்பது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருக்கிறது.

கூடத்தின் எதிரெதிர் மூலைகளில் வைத்த இரண்டு மடிக்கணினிகளில் பெரிய கோப்புகளை ஒருசேர இறக்கியபோது, வசதியை அணைத்திருந்த நிலையைவிடக் கூட்டு வேகம் தெளிவாகக் கூடியது. இரண்டையும் ஒரே மேசையில் அருகருகே வைத்ததும் அந்த ஆதாயம் மறைந்தது. இதை ரவுட்டரின் குறையாகச் சொல்ல முடியாது. ஏறத்தாழ ஒரே பாதையில் வந்து சேரும் அலைகளைப் பிரிப்பது எந்த ரவுட்டருக்கும் கடினம். மடிக்கணினியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தபோதும் பலன் குறைந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 6 சென்டிமீட்டர்தான் என்பதால், ஓரடி எடுத்து வைப்பதற்குள் முன்பு பெற்ற விவரம் பழையதாகிவிடுகிறது.

விளம்பர வாசகத்தின்மீதுதான் எனக்கு வருத்தம். இன்றைய கைபேசிகளில் பெரும்பாலானவை இரண்டு தரவோட்டங்களைப் பெறுபவை; ஒரு தரவோட்டத்துக்குக் குறைந்தது ஓர் ஆன்டெனா வேண்டும் என்பதால், அவற்றுக்கு முழு வேகம் தந்தால் நான்கு ஆன்டெனாக்கள் அதிகம்போனால் இரண்டு கைபேசிகளுக்கே போதும். பெட்டியிலோ கையேட்டிலோ இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எந்தக் கருவிகள் இவ்வசதியில் இணைந்திருக்கின்றன என்பதை நிர்வாகப் பக்கமும் காட்டுவதில்லை.

எம்யூ-மைமோவுக்கும், அலைவரிசையைச் சிறு துண்டுகளாக்கிப் பல கருவிகளுக்குப் பங்கிடும் ஓஎஃப்டிஎம்ஏவுக்கும் தனித்தனிப் பொத்தான் வைத்திருப்பது பாராட்டத்தக்கது. பெரிய கோப்புகளும் இடம் மாறாத கருவிகளும் உள்ளவர்கள் இரண்டையும் இயக்கி வைக்கலாம். குரல் அழைப்பு, விளையாட்டு போன்ற சிறு தரவுப் பொட்டலங்களே மிகுதி என்றால், சோதனைச் சமிக்ஞைக்குச் செலவாகும் நேரம் ஆதாயத்தை விழுங்கிவிடுமாதலால், ஓஎஃப்டிஎம்ஏவை மட்டும் வைத்துக்கொள்வதே மேல்.