களியக்காவிளையில் விற்கும் தமிழ் உலகப் படம்: வாங்கலாமா?

தமிழக–கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைகளில் லேமினேஷன் போட்ட உலக அரசியல் படம் தமிழிலும் மலையாளத்திலும் தொங்குகிறது. இங்கே பார்ப்பது தமிழ்ப் படம். அகலம் 1 மீட்டர், 1 செ.மீ.க்கு 400 கி.மீ. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் திருத்தாமல் சுவரில் மாட்டக் கூடாது.

எழுத்து தெளிவு. தெற்கு சூடான், எஸ்வாத்தினி, வட மாசிடோனியா எல்லாம் சரியாக இருக்கின்றன. மூலையில் உள்ள கூட்டமைப்புக் கட்டம்தான் பழசு. நேட்டோ ராணுவக் கூட்டணியில் 30 நாடு என்கிறது. 2023 ஏப்ரலில் பின்லாந்தும் 2024 மார்ச்சில் சுவீடனும் சேர்ந்து 32 ஆகிவிட்டது. இந்தியா, சீனா, ரஷ்யா எல்லாம் இருக்கும் பிரிக்ஸ் கூட்டமைப்பில் 5 நாடுதான் போட்டிருக்கிறார்கள். எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், ஐக்கிய அரபு அமீரகம் 2024-லும் இந்தோனேசியா 2025 ஜனவரியிலும் உள்ளே வந்தவை. அப்படியே மனப்பாடம் செய்தால் மார்க் போகும். பெர்மனன்ட் மார்க்கரால் எழுதிக்கொள்ளுங்கள். தப்பாக எழுதிவிட்டால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம்.

இது மெர்கேட்டர் முறைப் படம், அதாவது துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது. கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. டிரம்ப் கிரீன்லாந்தைக் கேட்பதை விளக்கும்போது பரப்பைக் காட்டாதீர்கள், ஆர்க்டிக் ஓரத்தில் அது இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். 400 கி.மீ. கணக்கும் நிலநடுக்கோட்டுப் பக்கம்தான் செல்லும். 60 டிகிரி அட்சத்தில் அதே 1 செ.மீ. 200 கி.மீ.தான். நூல் வைத்து கொழும்பு–சிங்கப்பூர் அளக்கலாம். ஹெல்சிங்கி–மாஸ்கோ அளந்தால் கிட்டத்தட்ட இரு மடங்கு வரும்.

எங்களுக்குப் பெரிய வருத்தம் கடலைப் பற்றியது. வல்லரசுகள் மோதிக்கொள்ளும் ஜலசந்திகள் இதில் கண்ணுக்கே தெரியவில்லை. செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டெப் அகலம் சுமார் 30 கி.மீ., படத்தில் 1 மி.மீ. கூட வராது. 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி படை அங்கே கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு கப்பல்கள் ஏன் ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றின என்பதை இதை வைத்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அந்த ஜலசந்தியையும் ஹோர்முஸ், மலாக்கா ஜலசந்திகளையும் தனித்தனி ஏ4 தாளில் பெரிதாக வரைந்து பக்கத்தில் ஒட்டுங்கள். கொழும்பு இருக்கிறது. ஆனால் களியக்காவிளைக்குப் பக்கத்திலேயே, பன்னாட்டுக் கப்பல் பாதையிலிருந்து 10 கடல் மைலில் உள்ள கேரளத்தின் விழிஞ்சம் இல்லை. 2025 மேயில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட துறைமுகம் அது. ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள்.

வாங்கும்போது ஓரத்தைத் தடவிப் பாருங்கள். தாளைத் தாண்டி பிளாஸ்டிக் 5 மி.மீ.யாவது நீட்டியிருக்க வேண்டும். தாளோடு ஒட்ட வெட்டியிருந்தால் இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழை) ஈரம் ஏறிக் கொப்பளித்துவிடும். டியூப் லைட்டுக்கு எதிரே மாட்டுவதானால் பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் கேளுங்கள்.